முப்பத்தெட்டு டிகிரியும் ‘மாட்டிக்கினேன்’ என்ற வரியும்

கடிதத்தில் மூன்றே வரிகள். மேனேஜரே டைப் செய்து வைத்திருந்தார். உலையின் தண்ணீர்ச் சூட்டைக் கண்காணிக்கும் புரோகிராமை எழுதியவன் நான், அதில் எந்தக் குறையும் இல்லை, சென்சார் வயர் அறுந்தால் அது உடனே ஹூட்டரை, அந்த அபாயச் சங்கை, அடிக்கும். கீழே எனக்காக ஒரு கோடு. பேனாவைக்கூடத் திறந்தே வைத்திருந்தார்.

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் இரும்பு உருக்கும் ஆலை அது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் நான் பேசிக் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராம் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் வேலை ரொம்பச் சின்னது. உலையைச் சுற்றியுள்ள செம்புக் குழாயில் ஓடும் தண்ணீரின் சூட்டை இரண்டு நொடிக்கு ஒருமுறை மீட்டரிடம் கேட்க வேண்டும், திரையில் காட்ட வேண்டும், பதிய வேண்டும். ஐம்பத்தைந்தைத் தாண்டினால் ஹூட்டரை அடிக்க வேண்டும். உருகிய இரும்பும் தண்ணீரும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை அங்கே யாரும் விளக்க மாட்டார்கள். கூரையைக் காட்டுவார்கள். புதுத் தகரம் போட்டிருக்கும் இடத்தை நான் எண்ணுவதில்லை.

போன வாரம் ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் நின்றுபோனது. ஹூட்டர் அடிக்கவில்லை. உலை ஆபரேட்டர்தான் ஆவியைப் பார்த்துக் கரண்ட்டை நிறுத்தி எல்லோரையும் ஓட வைத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பதிவை எடுத்துப் பார்த்தால், கடைசி நொடிவரை தண்ணீர் முப்பத்தெட்டு டிகிரி. ஹோஸ் வெடித்தபோது சென்சார் வயரையும் இழுத்து அறுத்துவிட்டது என்றார் ஆபரேட்டர். அப்போது மேனேஜர் எனக்குப் போன் போட்டு, வயர் அறுந்தால் புரோகிராம் சும்மா இருக்குமா என்று கேட்டார். நான் திருநின்றவூர் வீட்டில் இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தேன். “இருக்காது சார், ஊரக் கூட்டிடும்” என்று சொல்லிவிட்டு இரண்டாவது கரண்டி ஊற்றினேன்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் ஆபரேட்டர் சிக்கினார்: வெடித்தபோதே வயர் அறுந்திருந்தால் ஹூட்டர் அடித்திருக்குமே. ஹூட்டர் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று சென்சாரைப் பிடுங்கி வெளியே தொங்கவிட்டிருக்கிறார், மாட்டிக்கொள்ளாமலிருக்கக் கரண்ட் நின்றபின் வயரை அறுத்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கும்மிடிப்பூண்டிக் காற்றே முப்பத்தெட்டு டிகிரிதானே. கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது. என் கையெழுத்து விழுந்தால் அவருக்கு வேலை போய்விடும்.

நான் பேனாவை எடுக்கவில்லை. நேர்மையால் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்குக் கையெழுத்துப் போடுவதென்றாலே பயம். கூரியர்காரரிடம் போடுவதற்கே இரண்டு முறை யோசிப்பவன். நாளை ஒருமுறை சோதித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். மேனேஜர் பேனாவை மூடினார்.

வெளியே கேட்டுக்கு எதிரே டீக்கடை. பெஞ்சில் ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தார். பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குப்பத்துக்காரர். இருபது வருடமாக ஏரியை விட்டு உலையில் வேலை. பக்கத்தில் டிபன் பாக்ஸ். உள்ளே வரக்கூடாது என்று சொன்ன விஷயத்தை அவர் வீட்டில் சொல்லவில்லை. தினமும் ஷிப்டுக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி வந்து, இந்தப் பெஞ்சிலேயே மதியச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, ஷிப்டு முடியும் நேரத்துக்குத் திரும்பிப் போகிறார். இதை அவர் சொல்லவில்லை. டீ போடுகிறவர்தான் எனக்கு டீயோடு சேர்த்துக் கொடுத்தார்.

“இன்னா சார், பொட்டி இன்னா சொல்லுது?” என்றார் ஆபரேட்டர்.

பெட்டிக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் டாக்டர் வந்திருக்கிறேன் என்று ஏதோ உளறினேன். அவர் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

“பொட்டி பொய் சொல்லாதுன்றாங்க. அப்ப நான் சொல்றேன்னுதான அர்த்தம்? நீங்கதான சார் அத்த எழுதுனது. அது பொய் சொல்லுமா, சொல்லாதா?”

ஷேர் ஆட்டோ வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். அது ஸ்டேஷனுக்கு அல்ல, பக்கத்திலிருக்கும் சின்ன ஆரணிக்குப் போகிற ஆட்டோ என்று பாதி வழியில்தான் தெரிந்தது.

எப்படியோ ஸ்டேஷனைப் பிடித்து, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி வீடு வந்ததும் பழைய கோப்பைத் திறந்தேன். புரோகிராம் என் கம்ப்யூட்டரில் ஒழுங்காகத்தான் ஓடியது. என் புரோகிராம்கள் எல்லாமே என் வீட்டில் ஒழுங்கு, மாமியார் வீட்டில்தான் மானத்தை வாங்கும். ஆலையில் ஓடும்போது அது உள்ளே என்ன செய்கிறதென்று பார்க்க வேண்டும். வழக்கமாக நான் நடுநடுவே ஒரு செய்திப் பெட்டியை வைப்பேன். ஓகே பொத்தானை அழுத்தும்வரை அது அடுத்த வரிக்குப் போகாது. ஆனால் உலை கொதிக்கும்போது, ஓகே சொல்ல ஆள் வரும்வரை சூட்டைப் பார்க்காமல் நிற்கலாமா? அதனால் ஒவ்வொரு படியிலும் ஒரு வரியைப் பதிவுக் கோப்பில் எழுதிவிட்டு நகரும்படி செய்தேன். அந்த வரிகள் விழ விழக் காட்ட ஒரு சின்ன ஜன்னல் கருவி இருக்கிறது. அதையும் பென்டிரைவில் போட்டுக்கொண்டேன்.

வரிகளில் என்ன எழுதுவது? ஒழுங்கானவர்கள் நேரமும் எண்ணும் எழுதுவார்கள். நான் அவற்றோடு என் வாயையும் சேர்த்துவிடுவேன். மீட்டரைக் கேட்கப் போகும் இடத்தில் ‘வந்தேன்’, பதில் வந்ததும் ‘படிச்சேன்’, அதை எண்ணாக மாற்றியதும் ‘பாத்தேன்’. அந்தப் பழைய மொழிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்பதால் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில். பிழை நேர்ந்தால் விழ வேண்டிய வரிக்கு ‘மாட்டிக்கினேன்’ என்று வைத்தேன். தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

அந்த வரியை வைக்கப்போன இடத்தில்தான் சிரிப்பு நின்றது. அந்தப் பகுதியின் தலையில் என் கையாலேயே எழுதியிருந்தேன்: ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட். பேசிக்கில் எழுதுகிறவர்களின் செல்லச் சோம்பேறித்தனம் அது. எந்தத் தப்பு நடந்தாலும் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ என்று பொருள். எப்போது எழுதினேன், ஏன் எழுதினேன் என்று நினைவில்லை. ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு பிழைச் செய்தி தொந்தரவு செய்திருக்கும். வாயை அடைத்திருப்பேன். அந்த வரியை நான் எடுக்கவில்லை. ஆலையில் ஓடுவது அப்படியே ஓடினால்தானே சோதனை. எண்ணாக மாற்றியபின் பிழை இருக்கிறதா என்று பார்த்து வரி எழுத மட்டும் ஏற்பாடு செய்தேன்.

மறுநாள் உலை ஓடும்போது கண்ணாடி அறையில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் இரும்பு தளும்பியது. எலக்ட்ரீஷியன் ஒருவர் துணைக்கு இருந்தார். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் நாற்காலியில் ஓர் அங்குலம் எழுந்து உட்காருவதைப் பார்த்துவிட்டு, அது கிரேன் சார், அது லாரி சார், அது நீங்க சார், நாற்காலி கிறீச்சுங்குது என்று வரிசையாக விளக்கம் சொன்னார்.

ஜன்னலில் வந்தேன், படிச்சேன், பாத்தேன். வந்தேன், படிச்சேன், பாத்தேன். ஒரு மணி நேரம். முப்பத்தாறு, முப்பத்தேழு. ஒரு குறையும் இல்லை. அப்படியே எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டிருக்கலாம். சோதித்தேன் என்று சொன்னால் அது பொய்யும் ஆகாது.

ஆனால் வயரை யாரும் பிடுங்கிப் பார்த்ததில்லை. எழுதிய நாளிலிருந்து, நான் உள்பட. பிடுங்கினால் என்ன தெரியும் என்பது நேற்று அந்த வரியைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது.

உருகிய இரும்பை ஊற்றி முடித்து உலையின் கரண்ட்டை நிறுத்தும்வரை காத்திருந்தேன். பிறகு எலக்ட்ரீஷியனிடம் சென்சார் வயரைக் கழற்றச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் இரண்டாம் தடவை கேட்டுவிட்டுப் போய்க் கழற்றினார்.

திரையில் முப்பத்தேழு.

பத்து நொடி ஆயிற்று. முப்பத்தேழு. ஹூட்டர் ஊமை. ஜன்னலில் மட்டும் கதை மாறியிருந்தது. வயர் இல்லாத மீட்டர் எண்ணை அனுப்பவில்லை. ‘ஓப்பன்’ என்று எழுத்தை அனுப்பியது. எழுத்தை எண்ணாக மாற்ற முடியாது, பிழை. பிழை வந்தால் கண்டுகொள்ளாதே என்பது என் கட்டளை. அதனால் பழைய எண்ணையே வைத்துக்கொண்டு, எல்லாம் நலம் என்று அது திரும்பத் திரும்பப் பதிந்தது. அன்றைக்கு முப்பத்தெட்டு. இன்றைக்கு முப்பத்தேழு. உலை வெடித்துக் கூரை பறந்திருந்தாலும் அதே எண்தான்.

ஜன்னலை மூடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை இங்கே எழுதாமல் விட்டால் இதுவும் ஒரு ரெஸ்யூம் நெக்ஸ்ட் ஆகிவிடும். மவுஸை ஜன்னலின் மூலையிலிருக்கும் பெருக்கல் குறிக்கு நகர்த்தினேன். அதற்குள் கதவு திறந்தது. மேனேஜர், கையில் கடிதத்தோடு.

என் தோளுக்கு மேலாகக் குனிந்து இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். இரண்டு நொடிக்கு ஒன்றாக வரிகள் விழுந்துகொண்டிருந்தன.

“இன்னாங்க இது, மாட்டிக்கினேன் மாட்டிக்கினேன்னு ஓடிக்கினே கீது? யாரு மாட்டிக்கினது?”

எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

“நான்தான் சார்.”

அதற்குப் பிறகு பேசியதெல்லாம் எனக்குத் துண்டுதுண்டாகத்தான் நினைவிருக்கிறது. முப்பத்தேழைக் காட்டினேன், கழற்றிய வயரைக் காட்டினேன், போனில் சொன்னது தப்பு என்றேன். மேனேஜர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடி வழியே உலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹோஸ் வெடித்த அன்று அவரும் ஷெட்டுக்குள்தான் இருந்தாராம். பிறகு கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள் என்றார்.

யாரை அனுப்புவது என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

டீக்கடைக்கு நடந்தேன். உலையைவிட அந்த முப்பதடி ரோடு பயமாக இருந்தது. ஆபரேட்டர் அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார். இறால் தொக்கு. தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“சொல்லிச்சா பொய்?”

“சொல்லிச்சுண்ணே. நான்தான் சொல்லக் கத்துக் குடுத்திருக்கேன்.”

அவர் டிபன் பாக்ஸை மூடி, கிளிப்பைப் போட்டு, கையை உதறி எழுந்தார். உள்ளே போய்ச் சாப்பிடலாம் என்று நினைத்திருப்பார். எனக்கு முன்னால் ரோட்டைக் கடந்தார். கேட்டில் நிற்காமல் போனார்.

அந்த ரெஸ்யூம் நெக்ஸ்ட் வரியை எடுத்தேன். எண் அல்லாத எது வந்தாலும் ஹூட்டர் அடிக்கும்படி மாற்றினேன். சரியாகிவிட்டது என்று சொன்னேன். ஆபரேட்டர் நம்பவில்லை, தானே போய் வயரைப் பிடுங்கினார். ஹூட்டர் அலறியதில் நான் மேசைக்கடியில் போகப் பார்த்தேன். மாட்டினார், நின்றது. மறுபடி பிடுங்கினார், அலறியது.

“இன்னொரு தபா புடுங்கட்டுமா சார்?”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? புடுங்குண்ணே என்றேன், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு.