ஓரகத்தியின் எடை

எனக்கும் என் ஓரகத்திக்கும் ஒரே வருஷத்தில் மார்பில் கட்டி வந்தது. எனக்கு இடது பக்கம், அவளுக்கு வலது. தஞ்சாவூரில் ஒரே டாக்டரம்மா, ஒரே ஆபரேஷன், ஒரே மாத்திரை. ஆனால் எடை மெஷினில் ஏறினால் அவளுக்கு நாற்பத்தெட்டு, எனக்கு எண்பத்தொன்பது. அந்த முள்ளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சீர்காழிப் பக்கம் ஒரே வயலில் குனிந்து நாற்று நட்டவர்கள்தான் நாங்கள். தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரர் சவுதிக்குப் போனார். அதோடு நான் சேற்றில் கால் வைக்கவில்லை. மாடி வீடு, கிரைண்டர், உட்கார்ந்த இடத்தில் டிவி. சவுதிக்காரர் பெண்டாட்டி நல்லா பூரிச்சுட்டா என்று ஊர் சொல்லும். எனக்குக் குளுகுளு என்று இருக்கும். கொழுந்தன் ஊரைவிட்டு நகரவில்லை. பின்வீட்டில் இருந்த அவள் நடவு, களை, அப்புறம் நூறு நாள் வேலை என்று ஒடிசலாகவே இருந்தாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: "உங்களுக்கு மாசாமாசம் வர்றது நின்னுடுச்சு. இனிமே உடம்புக் கொழுப்புதான் அந்த ஹார்மோனை உண்டாக்கும். உங்க கட்டி அதைத் தின்னு வளர்ற வகை. எடை கூடுதலா இருந்தா திரும்ப வர்ற வாய்ப்பும் கூடுதல், கையும் வீங்கலாம். குறைங்கம்மா." அடுத்து அவளைப் பார்த்து, "நீங்க இப்படியே இருங்க" என்றார். சவுதியிலிருந்து என்னென்னவோ எனக்கு வந்திருக்கிறது. அந்த மூன்று வார்த்தை மட்டும் அவளுக்குப் போயிற்று.

குறைத்தேனா? இல்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கம் இளைத்தால் சீக்கு, சதை போட்டால் தேறிவிட்டாள் என்று அர்த்தம். தாய்க்கு வந்தால் மகளுக்கும் வரும் என்பார்கள், என் நோயை வெளியே விடாமல் வைத்திருந்தேன். அதனால் தின்றேன். இட்லி மிதக்க நல்லெண்ணெய், மத்தியானம் இரண்டு தடவை சோறு. இடது கை வீங்கியதும் நீளக் கை ரவிக்கை தைத்துக்கொண்டேன்.

பெண் பார்க்க வந்த அம்மாள் என்னைப் பார்த்து நிறைவாகச் சிரித்தார். காபி கொண்டுவந்த ஓரகத்தியை மேலும் கீழும் பார்த்து, "இந்த வீட்டுல யாருக்கோ பெரிய ஆபரேஷன்னு கேள்விப்பட்டோம்ங்க" என்றார். அவள் தட்டைக் கீழே வைத்தாள். "எனக்குத்தாங்க. மார்புல கட்டி, எடுத்தாச்சு. அக்காவுக்கு ஒண்ணுமில்லீங்க."

கல்யாணம் நடந்தது. நன்றி வர வேண்டிய இடத்தில் எனக்குப் பொறாமைதான் வந்தது. உடம்பில் ஜெயித்தவள் மனசிலும் ஜெயித்துவிட்டாளே என்று ஆத்திரம்.

மகள் சிங்கப்பூர் போனதும் அவளே வாசலில் வந்து நின்றாள். "இனிமே யாருக்குக் காட்டணும்? கெளம்புங்கக்கா." தினமும் விடிந்ததும் வாய்க்கால் கரையில் நடந்தோம். அவள் விறுவிறு என்று முன்னால் போவாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் முதுகையே பார்த்தபடி போவேன். ஒருநாள், எனக்குத் திரும்ப வந்தால் இவளுக்கும் வரட்டுமே என்று நினைத்தேன். நினைத்தது நிஜம், பூசி மெழுக மாட்டேன்.

அன்றைக்கென்று பார்த்து அவள் மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. அப்பல்லாம் நீங்க தளதளன்னு, செண்டு போட்டுக்கிட்டு வரப்புல வருவீங்க. நான் சேத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். அவ்ளோ வயித்தெரிச்சல். ஒங்களுக்குக் கட்டின்னதும் என் கண்ணுதான் பட்டுருச்சுன்னு ஆடிப்போயிட்டேன். எனக்கும் வந்தப்ப, அந்தப் பாவத்துக்குத்தான்னு நெனச்சேன். அதான் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு அப்படிச் சொன்னேன்."

"போடி பைத்தியக்காரி" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கிழக்கே பார்க்க உட்கார வைத்தேன். உப்பும் மிளகாயும் எடுத்து, வீங்கிய கையாலேயே மூன்று முறை சுற்றி வெந்நீர் அடுப்பில் போட்டேன். மிளகாய் படபடவென்று வெடித்தது. துளி நெடி வரவில்லை.

"பாத்தீங்களா, எவ்ளோ திருஷ்டி" என்றாள். "யாரு கண்ணுக்கா இது?"

"ஊர்க்கண்ணுதான்" என்றேன்.