மைதா இல்லாத பீட்சாவை நம்பாத காதர் அண்ணே

காதர் அண்ணே இறந்துவிட்டார். போடியில் நான் கணக்கு எழுதும் ஏலக்காய்க் கடையில் சரக்குத் தரம் பார்த்தவர்.

காலையில் கடையிலிருந்து போன். நான் நம்பவில்லை. "யார் சொன்னா? நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவருடன் இத்தனை வருஷம் வேலை பார்த்தால் அப்படித்தான் கேட்கத் தோன்றும்...

எதையும் நம்ப மாட்டார் மனுஷன். மூட்டையின் மேலே இருக்கும் காயைத் தொடவே மாட்டார். அடியில் கைவிட்டு அள்ளி, மோந்து, ஈரக் கைக்குட்டையில் தேய்த்துப் பார்ப்பார். பச்சைச் சாயம் ஒட்டுகிறதா என்று.

டீ வந்தால்கூட ஒரு வாய் குடித்துவிட்டு, "இது காலையில போட்டதுதானடா?" என்பார். கடைக்காரருக்குக் கோபமே வராது. பழகிவிட்டது.

அவருக்குச் சுகர். இடது காலில் ஒரு விரலை எடுத்தாயிற்று. மைதா பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அண்ணனுக்கு மைதா என்றால் உயிர். பரோட்டா ஒரு பக்கம், பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் புதிதாகப் போட்ட பீட்சா ஒரு பக்கம்.

எனக்கும் அவர் மேல் சந்தேகம்தான். மத்தியானம் சாப்பிட்டு வந்தால், "கையக் காட்டுங்கண்ணே" என்பேன். சால்னா வாசம் அடிக்கும். "பக்கத்துல உக்காந்தவன் தின்னான்த்தா, அது ஒட்டிருக்கும்" என்பார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்!

என் அப்பாவுக்குச் சுகரில் முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தார்கள். கூடவே இருந்து பார்த்தவள் நான். காதர் அண்ணனுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று எனக்குப் பயம். வேறொன்றுமில்லை, வெறும் பயம்.

அப்படித்தான் காலிபிளவர் பீட்சாவில் போய் விழுந்தேன். யூடியூப் பார்த்து. பூவைத் துருவி, ஆவியில் வேகவைத்து, துணியில் போட்டுப் பிழிந்து, முட்டையும் சீஸும் சேர்த்துத் தட்டி, சுட்டு எடுக்க வேண்டும். மைதா ரொட்டிக்குப் பதில் அடியில் அதுதான். அதற்கு மேலே தக்காளி, குடமிளகாய் எல்லாம்.

வீடியோவில் முறுமுறு என்று நின்றது. என் வீட்டில் உப்புமா. எவ்வளவு பிழிந்தாலும் தண்ணீர் வற்றவில்லை.

பிறகு என் புத்தி போனது பாருங்கள்... எங்கள் கடையில் ஈரமாக வரும் ஏலக்காயைக் காயவைக்க ஒரு ட்ரையர் உண்டு. ஏலக்காய் காயும்போது காலிபிளவர் காயாதா? பிழிந்த துருவலை டப்பாவில் கொண்டுபோய், காலியாக இருந்த தட்டில் பரப்பி உள்ளே தள்ளிவிட்டேன்.

ஐயோ அந்த நாற்றம்! ஏலக்காய் பக்கத்தில் இருக்கும் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். கணக்கு எழுதுகிற எனக்கு அது எங்கே தோன்றியது.

அந்த நேரம் பார்த்துக் கேரளத்திலிருந்து சரக்கு வாங்க வந்தவர் உள்ளே நுழைந்தார். "எந்தா ஒரு மணம்?" என்று மூக்கைச் சுருக்கினார். முதலாளியும் கூடவே நிற்கிறார். என் வேலை போச்சு என்று நினைத்தேன்.

காதர் அண்ணே ட்ரையரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பின்னாடி சாக்கடை அள்ளுறாங்க சார்" என்றார். அவர் வாயிலிருந்து வேலை விஷயத்தில் பொய் வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவர்கள் போன பிறகு என்னிடம் வந்தார். "ஏத்தா, என்னையக் கொல்லப் பாக்குறியா, கடையக் கொல்லப் பாக்குறியா?"

சாயங்காலம் வரை ஒவ்வொரு மூட்டையாக மோந்து பார்த்தார். நல்லவேளை, சரக்கில் ஏறவில்லை. அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போனார்.

ஆனால் அந்தத் துருவலில் சுட்டதுதான் முதல் முறையாக உடையாமல் கையில் நின்றது. மறுநாள் கொண்டுபோனேன்.

"கொண்டா பாப்போம்." ஓரத்தைக் கிள்ளி விரலில் உருட்டினார், மைதா மாதிரி இழுபடுகிறதா என்று. மோந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அந்தக் கைக்குட்டையைக்கூட எடுத்துத் தேய்த்தார்!

"இவ்வளவு நல்லா நிக்கிதுன்னா மைதா இருக்குத்தா. எங்கிட்டயேவா?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அப்ப வீட்டுக்கு வந்து பாருங்க" என்றேன். வந்தேவிட்டார், ஞாயிற்றுக்கிழமை, மனைவி ஜெயினம்பு அக்காவையும் கூட்டிக்கொண்டு. நான் வாணலியில் துருவலை வறுத்து ஈரத்தை எடுப்பதை அடுப்படியில் நாற்காலி போட்டுப் பார்த்தார். சீஸ் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார். என் மாவு டப்பாக்களைத் திறந்து பார்த்தார். அக்காவுக்கு வெட்கம் தாங்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு, "நான் பாக்குறப்ப போடலை. சரி" என்றார். அவ்வளவுதான் சர்டிபிகேட். அதன் பிறகும் ஒவ்வொரு தடவையும் கிள்ளி உருட்டாமல் வாயில் வைத்ததில்லை.

போன வாரம் தேனி ஆஸ்பத்திரியில் இருந்தார். இந்த முறை கால் இல்லை, கிட்னி. என்ன கொடுக்கலாம் என்று நர்ஸிடம் கேட்டேன். "ஒரு வாய் போதும்" என்றார். உப்பில்லாமல், சீஸ் இல்லாமல் சின்னதாக ஒன்று சுட்டுக் கொண்டுபோனேன்.

டப்பாவைத் திறந்தேன். கிள்ளவில்லை. மோக்கவில்லை. நேராக வாயில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, இன்னைக்கு மைதா கலந்திருக்கேன்" என்றேன், வேண்டுமென்றே. சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன்.

"கலந்தா கலந்துட்டுப் போ ஆத்தா... நீ செஞ்சதுதானே" என்றார்.

சிரித்தேன். போடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அழுதேன். டாக்டர் யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

அடக்கம் இன்று சாயங்காலம். தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

அண்ணே... அன்னைக்கும் அதுல மைதா இல்லண்ணே. சத்தியமா இல்ல.

போய் வாங்க.