படிக்காத மெயில் மட்டும்

வண்டன்மேட்டில் ராமலட்சுமியின் ஆன்லைன் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சொந்தமாக மெயில் முகவரி கிடையாது. அதனால் யாருக்கும் வேலை நின்றுபோனதும் கிடையாது. பாஸ்போர்ட்டோ, நர்சிங் சீட்டோ, அரசாங்க வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சையோ, எந்த அப்ளிகேஷனிலும் மெயில் கேட்கிற இடத்தில் அவள் தன் கடை முகவரியைத் தட்டிவிடுவாள். பதில் வந்தால் போன் போட்டுச் சொல்லுவாள். சுற்றியிருக்கிற ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்கெல்லாம் அந்த ஒரு முகவரிதான். இப்படியே சில வருஷம் ஓடினால் இன்பாக்ஸ் என்ன லட்சணத்தில் இருக்கும்? விளம்பரமும் ஓடிபியும் வங்கிக்காரர்களின் பண்டிகை வாழ்த்துமாகக் குவிந்த குப்பையில் ஒரு ஆளின் பதிலைத் தேடி எடுப்பதற்குள் அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

இதற்கு ஒரு வழி பண்ணியே தீருவது என்று இந்த மழைக்காலத்தில்தான் உட்கார்ந்தாள். பி.சி.ஏ.வைத் தபால் வழியில் படித்தவள். கொஞ்சம் பைத்தான் தெரியும். மெயில் சர்வரோடு பேசுவதற்கென்றே யாரோ புண்ணியவான் ஒரு லைப்ரரி எழுதி வைத்திருக்கிறான், நாம் நாலு வரி எழுதினால் போதும், அது உள்ளே போய் மெயிலை எடுத்துக்கொண்டு வந்துவிடும் என்று வீடியோவில் ஒரு பையன் சிரித்த முகமாகச் சொன்னான். அவனுக்கு ஐந்து நிமிஷத்தில் வந்தது. ராமலட்சுமிக்கு ஒரு வாரம் வரவில்லை.

பாஸ்வேர்டு தப்பு என்றது. அதே பாஸ்வேர்டைப் பிரவுசரில் போட்டால் கதவு திறந்தது, லைப்ரரி வழியாகப் போட்டால் முகத்தில் அடித்தாற்போலச் சாத்திக்கொண்டது. புரோகிராமுக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு வாங்க வேண்டுமாம், அதை அந்தச் சிரிப்புக்காரன் சொல்லவே இல்லை. அதையும் வாங்கிப் போட்டு உள்ளே நுழைந்தால், மொத்த இன்பாக்ஸையும் ஒவ்வொன்றாக அள்ளத் தொடங்கியது. பாதி அள்ளும்போது கரண்ட் போகும். கரண்ட் வந்தால் நெட் போகும். கீபோர்டைத் தூக்கி மழையில் எறியலாமா என்று அவள் நிஜமாகவே யோசித்தாள்.

கடைசியில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தாள். படிக்காத மெயிலை மட்டும் கொண்டுவா என்று சொல்கிற சொல். அவ்வளவுதான், புரோகிராம் வெண்ணெயாக ஓடியது. சோதித்துப் பார்க்க வேறொரு முகவரியிலிருந்து தானே ஒரு மெயில் அனுப்பினாள். அடுத்த நொடியே பெயரோடு திரையில் வந்து நின்றது. இனிமேல் அந்தக் குப்பையை என் கண்ணால் பார்க்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு இன்பாக்ஸை மூடினாள்.

அந்தச் சமயத்தில் கடைக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தவள் மாரித்தாய். தேனியில் நர்சிங் முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை அம்மாவோடு தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கப் போகிறவள். கோட்டயத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ராமலட்சுமிதான் அவளுக்கு அப்ளிகேஷன் போட்டுக் கொடுத்திருந்தாள். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டால் மெயில் வரும். வேலை விட்டதும் மழைக்குத் தலையில் போட்ட பிளாஸ்டிக் கொங்காணியைக் கழற்றாமலே வாசலில் நின்று, வந்துருச்சாக்கா என்பாள். ராமலட்சுமி ஒரு பட்டனைத் தட்டுவாள். 'புதிய மெயில் இல்லை' என்று திரை சொல்லும். இன்னும் வரல தாயி என்று இவள் சொல்லுவாள். ஏலக்காய்க் கறை பிடித்த விரல்களால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண் மேட்டுப் பாதை ஏறிப் போவாள்.

காலையில் கடை திறந்து புரோகிராமை ஓட்டினால் எப்போதும் 'புதிய மெயில் இல்லை' என்றுதான் வரும். பகலில் ஒன்றிரண்டு சிக்கும். ராத்திரி எந்த ஆபீஸ்காரன் உட்கார்ந்து மெயில் அனுப்பப் போகிறான் என்று ராமலட்சுமியும் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை மாரித்தாய் வேலைக்குப் போகாமல் மத்தியானமே வந்தாள். கூடப் படித்த சித்ரா போன் பண்ணினாளாம். அதே ஆஸ்பத்திரியில் நேற்று இன்டர்வியூ முடிந்துவிட்டதாம். ராமலட்சுமி இந்த முறை பட்டனைத் தட்டவில்லை. இன்பாக்ஸைத் திறந்து கண்ணால் தேடினாள். இருந்தது. திங்கட்கிழமை இரவு வந்த மெயில். வருவதை வியாழனுக்குள் உறுதிசெய்யச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கெஞ்சிப் பார்த்தாள். பட்டியல் முடிந்துவிட்டது, அடுத்த முறை விண்ணப்பியுங்கள் என்று மரியாதையாகவே சொன்னார்கள்.

அந்த மெயில் தடித்த எழுத்தில் இல்லை. யாரோ படித்துவிட்ட மெயில் மாதிரி மெலிந்த எழுத்தில் இருந்தது. அவள் படிக்கவில்லை. அப்படியென்றால் யார்? கடைக்கு வெளியே அந்த முகவரி இருக்கிற ஒரே போன் ஜீப் ஓட்டுகிற அவள் புருஷன் பாண்டியுடையது. புது போன் வாங்கியபோது அது மெயில் முகவரி கேட்டது, அவனும் கடை முகவரியைத்தான் கொடுத்தான். ஊரே கொடுக்கும்போது அவன் கொடுக்கக் கூடாதா?

கட்டப்பனை ஜீப் ஸ்டாண்டிலிருந்து போனில் அவன் ரொம்ப நிதானமாகச் சொன்னான்.

"நான் ஒண்ணையும் தொறந்து படிக்கல லட்சுமி. காலையில வண்டியத் தொடைக்கும்போது மொத்தமா செலக்ட் பண்ணிப் படிச்சாச்சுன்னு அமுக்கி விட்ருவேன். மெயில் மேல அந்தச் செவப்பு நம்பர் நின்னுக்கிட்டே இருந்தா எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்."

கண்ணாடியில் ஒரு பொட்டு சேறு இருந்தாலும் வண்டி எடுக்காத ஆள். அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டத் திட்ட ஆத்திரம் அடங்குவதற்குப் பதிலாகத் தன்மேலேயே திரும்பியது. படிக்காததை மட்டும் கொண்டுவா என்று சொன்னது அவன் இல்லையே. ஒரு வாரமாக இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு, பார்க்காமலே வரல வரல என்று சொன்னதும் அவன் இல்லை.

மாரித்தாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அழவில்லை. அந்த மெயிலை ஒரு பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னாள். தன் பெயர் இருக்கிற இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு நாலாக மடித்து வைத்துக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"இனிமே வரலைன்னு சொல்லாதீங்கக்கா. பாக்கலைன்னு சொல்லுங்க."

 அவள் போன பிறகு ராமலட்சுமி புரோகிராமைத் திறந்து, 'புதிய மெயில் இல்லை' என்று தான் எழுதி வைத்திருந்த வரியை அழித்தாள். பிறகு இன்பாக்ஸுக்குப் போனாள். இன்னும் யார் யாருக்கு வந்த பதில் அங்கே மெலிந்த எழுத்தில் கிடக்கிறதோ. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள்.