குலுங்காத வண்டி

கார் வாங்கலாம் என்று முடிவான நாளிலிருந்து எங்கள் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. ஒன்றில் என் கணவர், இன்னொன்றில் நான். மகள் மைசூரில் படித்துக்கொண்டிருந்தாள். போனில் கேட்டால், "உங்க சண்டையில நான் வரல" என்று வைத்துவிடுவாள்.

அவருக்கு ஊரிலேயே ஒரு தொழிற்சாலையில் எந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலை. தெருவில் ஒரு வண்டி போனால் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். அவர் ஆசைப்பட்டது டர்போ வைத்த ஒரு வண்டி. காலை வைத்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பற்றிய வீடியோக்களைச் சாப்பிடும்போதும் பார்ப்பார்.

நான் பல வருஷம் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்தவள். வண்டி கிளம்புகிற இடமே மாரிகுப்பம் என்பதால் காலையில் உட்கார இடம் கிடைக்கும். சாயங்காலம் கிடைக்காது. பங்காருப்பேட்டை வரை நின்றே வந்து, வீட்டுக்கு வந்து அடுப்படியிலும் நின்று, கடைசியில் இடுப்பில் டிஸ்க் விலகிப் படுத்தேன். அப்புறம் கோலாருக்கு மாற்றல் கிடைத்தது. ஆண்டர்சன்பேட்டையிலிருந்து கோலாருக்குத் தினமும் போய்வர ஒரு கார் வேண்டும். எனக்கு அந்தக் காரிடம் ஒரே ஒரு எதிர்பார்ப்புதான். என்னைக் குலுக்காமல் கொண்டுபோய் விட வேண்டும்.

அவர் சொன்ன வண்டியையும் நான் பார்த்துவைத்த இன்னொன்றையும் ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்தோம். அவர் டர்போ வண்டியைப் பங்காருப்பேட்டை ரோட்டில் விரட்டிவிட்டு, புது மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு இறங்கினார். நான் ஷோரூம் பையனிடம், "நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்றேன். மாரிகுப்பம் பக்கம், தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டை ஒட்டிப் போகிற உடைந்த ரோட்டில் ஓட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். டர்போ வண்டியில் ஒவ்வொரு குழியும் நேராக என் முதுகெலும்புக்கு வந்து சேர்ந்தது. இன்னொன்று கியரே மாற்ற வேண்டாத வண்டி. சின்ன இன்ஜின், அகலமான சீட், மெத்தென்ற சஸ்பென்ஷன். அதில் குழிகளைக் காதால் கேட்டேனே தவிர உடம்பால் உணரவில்லை.

"இது வண்டியா? சோபாவுக்குச் சக்கரம் வெச்சிக்கிறாங்க" என்றார் அவர்.

"சோபாதான் வேணும்."

"மேட்டுல இழுக்காதும்மா. கத்தும், ஆனா போவாது. அவசரத்துக்கு உதவாது."

"நமக்கு இன்னா அவசரம்? தினமும் ஓட்டப்போறது நான்தானே?"

சோபா வீட்டுக்கு வந்தது. எலுமிச்சம்பழம் வைக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. விகாரைக்குப் போய்ப் பஞ்சசீலம் சொல்லிவிட்டு, ஒரு சின்ன புத்தர் சிலையை முன்னால் ஒட்டினோம். அவர் சிலையை ஒட்டியதோடு சரி. ரொம்ப நாள் அந்தக் காரின் சாவியைத் தொடவே இல்லை. தொட்ட பிறகும், நெடுந்தூரம் போகிற நாட்களில் மட்டும் ஓட்டுவார். ஒவ்வொரு மேட்டிலும் என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்.

அது ஒரு சனிக்கிழமை காலை. நான் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் கூடத்தில் நின்று ஒரு கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுத்தார். மறுபடி மூடினார்.

"இன்னா பண்றீங்க?"

"வலது கண்ணுல காலண்டர் பாதிதான் தெரியுது."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். சில நாளாகவே கரித்தூள் மாதிரி புள்ளிகள் பறந்ததாம். ஓரத்தில் மின்னல் வெட்டினாற்போல் இருந்ததாம். வெல்டிங் வெளிச்சம் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டாராம். இன்று மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை ஏறி நிற்கிறதாம்.

அடுப்பை அணைத்துவிட்டு ராபர்ட்சன்பேட்டையில் இருக்கிற கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, ரொம்ப நேரம் பார்த்தார் டாக்டர். பிறகு நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

"விழித்திரை பிரிஞ்சிக்கிட்டு வருது. நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. அதுதான் முக்கியம். அது பிரியறதுக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணிட்டா பார்வையக் காப்பாத்திடலாம். பிரிஞ்சிட்டா அப்புறம் பழையபடி வராது. பெங்களூர்ல சொல்லிடறேன், இன்னைக்கே போயிடுங்க."

"எவ்ளோ நேரம் இருக்கு டாக்டர்?" என்றேன்.

"அது யாருக்கும் தெரியாதும்மா. சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேருங்க. வலது பக்கமா சாய்ஞ்சு படுத்துக்கிட்டே வரணும். தலை அதிகமா குலுங்கக் கூடாது. ஒண்ணும் சாப்பிடவும் வேணாம்."

சீக்கிரம் போ, குலுங்காமல் போ. வாசலுக்கு வந்து சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் அந்த இரண்டும் ஒன்றையொன்று எப்படி முட்டுகின்றன என்று எனக்கு உறைத்தது.

வீட்டுக்குப் போய்த் தலையணைகளை அள்ளிக்கொண்டு வந்தோம். பின்சீட்டில் என் முதுகுக்குப் பின்னால் தலை வருகிறாற்போல, முகம் என் சீட்டைப் பார்க்கிறாற்போல, வலது பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டார். பிரேக் போட்டால் உருண்டு விழாமலிருக்கக் கால் வைக்கிற பள்ளத்தில் தலையணைகளை அடைத்தேன். சீட் பெல்ட்டை இடுப்பைச் சுற்றி மாட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் அவருடைய முழங்கால் மட்டும்தான் தெரிந்தது.

கோலார் வரைக்கும் அந்த ரோடு எனக்கு மனப்பாடம். எந்த வேகத்தடை ஹம்ப்புக்கு வெள்ளைக்கோடு அழிந்துவிட்டது, எந்தக் குழியை இடது பக்கம் ஒதுங்கித் தாண்டலாம் என்பதெல்லாம் தெரியும். தினமும் அலட்சியமாக ஏறி இறங்குகிற ஹம்ப்புகளை அன்று ஒரு சக்கரம், அடுத்த சக்கரம் என்று இறக்கினேன். பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன.

"கொஞ்சம் வேகமா போ" என்றார் அவர்.

"குலுங்கக் கூடாதுன்னாரே."

"லேட் ஆவக் கூடாதுன்னும் சொன்னாரு."

ஸ்டியரிங்கில் என் கை வழுக்கியது. புடவையில் துடைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "உன் சீட்டுக்குப் பின்னாடி நடுவுல ஒரு தையல் போவுது" என்றார். "வலது கண்ணுல அது நல்லா தெரியுது. அதுக்கு இந்தப் பக்கம்தான் கறுப்பு."

"பாத்துக்கிட்டே இருங்க."

"வேற இன்னா வேலை எனக்கு?"

பங்காருப்பேட்டையைத் தாண்டிய பிறகு முன்னால் ஒரு கல் லாரி. சங்கிலி போட்ட பெரிய பாறாங்கல் ஒன்றை ஏற்றிக்கொண்டு, புகை விட்டுக்கொண்டு, நடந்து போகிறவன் வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன.

"ஏன் நிக்கற?"

"நிக்கல. முன்னாடி கல்லு லாரி."

"தாண்டு."

"மேடா கீதுங்க."

"இப்படியே அது பின்னாடி கோலார் வரைக்கும் போனா இன்னா ஆவறது? தாண்டும்மா!"

அவர் குரல் உடைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. எதிரில் மேட்டு உச்சி வரைக்கும் ரோடு காலியாக இருந்தது. வலது பக்கம் ஒடித்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தேன்.

வண்டி கத்தியது. அவர் ஷோரூமில் சொன்னது போலவே, கத்தியது, ஆனால் போகவில்லை. லாரியின் பின்சக்கரம் இடது ஜன்னல் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பாறையின் பாதி நீளம்தான் தாண்டியிருப்பேன். உச்சியில் ஒரு பஸ்ஸின் நெற்றி தெரிந்தது.

பிரேக் போட்டுப் பின்வாங்கலாம் என்று கண்ணாடியைப் பார்த்தேன். நான் விட்ட இடத்தில் ஒரு வேன் வந்து புகுந்துவிட்டிருந்தது. முழு பிரேக் போட்டால் அவர் தலை என்ன ஆகும் என்று தோன்றியது. போடாவிட்டால் இரண்டு பேரும் என்ன ஆவோம் என்றும் தோன்றியது. பஸ் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. என் காலை எடுக்க என்னால் முடியவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தேன்.

பஸ் டிரைவர்தான் காப்பாற்றினார். வேகத்தைக் குறைத்து, மண்ணில் இறக்கிப் புழுதி கிளப்பிக்கொண்டு ஒதுங்கினார். லாரிக்காரரும் கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கி வழி கொடுத்தார். நடுவில் இருந்த சந்தில் நான் புகுந்து வெளியே வந்தேன். பஸ் ஜன்னலிலிருந்து கன்னடத்தில் வந்த வசவு எனக்கு முழுசாகக் கேட்டது. அத்தனைக்கும் நான் தகுதியானவள்தான்.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. தாண்டிட்டேன்."

இன்ஜின் சத்தத்தையும் ஹாரனையும் வைத்தே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

"அந்த வண்டியா இருந்தா ரெண்டு மிதியில முடிஞ்சிருக்கும்" என்றார்.

"அந்த வண்டியா இருந்தா ஆண்டர்சன்பேட்டை ஹம்ப்லயே உங்க கண்ணு போயிருக்கும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. வாயைத் திறந்து மூச்சு விட்டேன். அழுகை வந்தால் ரோடு தெரியாது என்று அடக்கிக்கொண்டேன்.

"தையல் தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியுது." பிறகு, "தண்ணி குடிக்கலாமா?" என்றார்.

"கூடாதுங்க."

"சரி விடு."

கோலாருக்கு அப்பால் பெரிய ரோடு. அதில் நான் ஒருநாளும் ஓட்டியதில்லை. அது அவருடைய ரோடு. எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். இடது ஓரமாக, ஒரே வேகத்தில், காலை அசைக்காமல் போனேன். அங்கே வண்டி நன்றாக ஓடியது. பாலங்களின் இணைப்புகள் மேல் போகும்போதுகூட உள்ளே சத்தம்தான் வந்தது, அதிர்ச்சி வரவில்லை. "எந்த லேன்ல போற?" என்று கேட்பார். சொல்வேன். "அங்கேயே இரு" என்பார். சண்டை போட இரண்டு பேரிடமும் தெம்பில்லை.

ஹொஸகோட்டே தாண்டி நெரிசல் ஆரம்பித்தது. நகர்வதும் நிற்பதுமாக வண்டி போய்க்கொண்டிருந்தபோது அவர் சொன்னார், "தையல் மேல லேசா நிழல் விழுது."

"லேசான்னா?"

"லேசாதான். நீ ரோட்டப் பாரு."

சிக்னலில் நிற்கும்போது கையைப் பின்னால் நீட்டினேன். தலைமுடிதான் கைக்குக் கிடைத்தது. வியர்வையில் நனைந்திருந்தது. பச்சை விழுகிறவரை கையை அங்கேயே வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். பரிசோதித்த பெண் டாக்டர், நடுப்பகுதியின் விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் நடு இன்னும் ஒட்டியிருக்கிறது என்றார். சாயங்காலமே ஆபரேஷன் செய்தார்கள். கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்ததால் அப்புறம் பல நாள் அவர் தலையைக் குனிந்தே இருக்க வேண்டியிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். மகள் வந்து தரையில் படுத்துக்கொண்டு, கீழிருந்து அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

மறுபரிசோதனைக்குப் போனபோது அவர் அந்த டாக்டரிடம் கேட்டுவிட்டார். என்னை அறையில் வைத்துக்கொண்டேதான் கேட்டார். "மேடம், இவங்க மெதுவா ஓட்டிக்கினு வந்ததால லாபமா, நஷ்டமா? இன்னும் சீக்கிரமா வந்திருந்தா?"

டாக்டர் சிரித்தார். "நேரத்துக்கு வந்துட்டீங்க. எந்தக் குலுக்கல்ல எவ்வளவு பிரிஞ்சது, குலுங்கலன்னா எவ்வளவு மிஞ்சியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் அந்தப் பதில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. நான் செய்தது சரி என்று யாராவது ஒருவர் சொல்லிவிடமாட்டார்களா என்று அத்தனை நாளும் உள்ளுக்குள் ஏங்கியிருந்தேன்.

பார்வை பிழைத்தது. வலது கண்ணில் நேர்க்கோடுகள் கொஞ்சம் வளைந்து தெரியுமாம். கதவு நிலையைப் பார்த்து, "தச்சன் குடிச்சிட்டு வேலை செஞ்சிக்கிறான்" என்பார். வேலைக்குப் போகிறார். டாக்டர் சம்மதித்த பிறகு எங்கள் ஊர்ப் பாலகாட் சுரங்கத்துப் பக்கத்து வெற்றுத் திடலில் ஓட்டிப் பழகி, இப்போது ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறார்.

போன மாதம் அவர் தம்பி மகன் கார் வாங்கப் போகிறேன் என்று வந்து யோசனை கேட்டான். அதே டர்போ வண்டியின் படத்தைப் போனில் காட்டினான். நான் காபி கலந்துகொண்டே காதைக் கொடுத்தேன்.

"நல்ல வண்டிடா. எடு" என்றார். "மேட்டுல பயமில்லாம தாண்டலாம். ஆனா உன் பெரியம்மாவ மட்டும் பின்னாடி உக்கார வெக்காதே."

அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கல் லாரிக்குப் பக்கத்தில் நான் எந்த வண்டிக்கு ஏங்கினேன் என்பதை இதுவரை அவரிடம் சொன்னதில்லை. காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "டெஸ்ட் டிரைவுக்கு எப்போ போற? நானும் வரேன்" என்றேன்.