பிரேக் அக்காவின் வலது கால்

அந்தப் பட்டறையில் பழைய கார்களுக்கு மட்டும்தான் பிரேக் வேலை. மெக்கானிக்கின் மனைவியை வாடிக்கையாளர்கள் எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பழைய காரில் ஒரே ஆயில் குழாய்தான் பிரிந்து நான்கு சக்கரத்துக்கும் போகும். அதற்குள் கொஞ்சம் காற்று புகுந்துவிட்டால் மிதிக்கிறதெல்லாம் வீண். வண்டி பாட்டுக்கு உருளும். அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். மெக்கானிக் சக்கரத்தடியில் படுத்து “அமுக்கு”, “பிடி”, “விடு” என்று குரல் கொடுப்பார். வீட்டில் அவர் பேச்சை ஒரு நாளும் காதில் வாங்காத அக்கா, சீட்டில் உட்கார்ந்துவிட்டால் அந்த மூன்று சொல்லுக்கும் அப்படியே கட்டுப்படுவாள். கடைசியாக ஒரு முறை மிதித்துப் பார்த்து, மிதி கெட்டியாக எதிர்த்து நின்றால் “கல்லு மாதிரி இருக்கு” என்பாள். பிறகு அவளே தெருமுனை வரை ஓட்டிப் பார்ப்பாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் மட்டும் கேட்பார். மிதித்துப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. மனைவியின் கால்மேல் அத்தனை நம்பிக்கை.

அந்தக் கால் மழை தொடங்கியதிலிருந்தே மரத்துப்போயிருந்தது. சர்க்கரை நோய் செய்த வேலை. ஒரு நாள் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் கடை வரை போய்விட்டு வந்தாள். ஆனாலும் கணவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அந்தச் சீட்டில் வேறு யாரோ உட்காருவார்கள். பாவம் என்றும் சொல்லலாம், வீம்பு என்றும் சொல்லலாம். என்னைக் கேட்டால் இரண்டும்தான்.

அன்று வந்தது ஒரு பச்சை நிறக் கார். நாள் முழுக்க வேலை பார்த்து, அக்கா “கல்லு மாதிரி இருக்கு” என்று சொன்ன பிறகு, மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். சொந்தக்காரர் தன் இரண்டு மகள்களோடு வந்திருந்தார்.

“தெருமுனை வரைக்கும் நாங்களும் வர்றோம் அத்தை” என்று பெண்கள் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள்.

அக்கா சாவியைத் திருகப் போனாள். சின்னவள் கையிலிருந்த பந்து அவள் காலடியில் உருண்டு வந்தது. எடுக்கக் குனிந்தாள்.

பிரேக் மிதி தரையோடு தரையாகக் கிடந்தது. அதன்மேல் அவள் பாதம்.

அவள் கல் என்று சொன்னது பிரேக்கை இல்லை, வண்டியின் தரையை. மரத்துப்போன காலுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

“இறங்குங்கம்மா. ரெண்டு பேரும் இறங்குங்க.”

“என்ன ஆச்சு?” என்றார் மெக்கானிக்.

“நீங்க மிதிச்சுப் பாருங்க.”

அவர் மிதித்தார். மிதி தடையில்லாமல் கீழே போயிற்று. அவர் முகம் வெளுத்தது.

“எனக்குக் கால்ல உணர்ச்சியே இல்லீங்க” என்றாள், எல்லோர் முன்னாலும்.

“எப்பலேருந்து?”

“மழை பிடிச்சதுலேருந்து.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் போனை எடுத்துக்கொண்டு கேட்டார்: “அதுக்கப்புறம் எந்தெந்த வண்டி போச்சு?”

அவளுக்கு ஒன்றுவிடாமல் ஞாபகம் இருந்தது. தெருமுனை வரை மெதுவாக ஓட்டியபோது நின்ற வண்டிகள்தான், ஆனால் வேகத்திலோ இறக்கத்திலோ நிற்குமா என்று இனிச் சொல்ல முடியாது. அவள் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். தையல்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். மருந்துக்கடைக்காரர் கத்தித் தீர்த்துவிட்டு, வண்டியை எடுக்க மாட்டேன் என்றார். கடைசியில் வாத்தியார். அவர் பேரனை ஏற்றிக்கொண்டு மலை இறங்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

“சார், வண்டிய எடுக்காதீங்க. பிரேக்க மறுபடி பாக்கணும்” என்றார் மெக்கானிக்.

எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் அக்காவுக்கும் கேட்டது. “அட போப்பா! அக்கா மிதிச்சுப் பாத்த வண்டி. அதுக்கு மேல என்ன வேணும்?”

அக்கா போனைப் பிடுங்கினாள்.

“சார், அந்த அக்காதான் பேசறேன். பேரன இறக்கி விடுங்க. என் காலை நம்பாதீங்க.”