நெம்மேலி ஆபீஸ் பிரிண்டர்

அம்மா இறந்தபின் திருப்போரூர் வீடு அண்ணன் பங்குக்குப் போனது. அன்பரசி கேளம்பாக்கத்தில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தாள். ஒரு தனியார் பள்ளி நிறுவனத்தின் கிளைகளில் இருக்கும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

முன்பெல்லாம் பஸ் ஏறிக் கிளை கிளையாகப் போவாள். யாராவது டீ வாங்கித் தருவார்கள், மகளுக்கு வரன் தேடும் கதையைச் சொல்வார்கள். பிறகு எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லிவிட்டார்கள். திரையில் ஒரு கறுப்புக் கட்டம். அதில் கட்டளையைத் தட்டினால் எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர் கீழ்ப்படியும். புகார் எழுதியவருக்கு ‘ஐடி’ என்ற பெயரில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று போகும். சாயங்காலம் கீரை வாங்கும்போதுதான் அன்றைக்கு முதல்முறையாக வாய் திறக்கிறோம் என்று சில நாள் அவளுக்கு உறைக்கும்.

நெம்மேலி கிளை ஆபீஸிலிருந்து கிளார்க் சாரதாம்பாள் அடிக்கடி எழுதுவார்: பிரிண்டர் அடைத்துக்கொண்டது. அச்சு வேலைகளை வரிசையாக அனுப்பும் ஸ்பூலரை நிறுத்தி, சிக்கிக் கிடப்பதை அழித்து, மறுபடி ஓடவிட வேண்டும். மூன்றே வரி. ஒரு புதன்கிழமை அதே புகார் வந்தது. அன்பரசி அந்த மூன்று வரியைத் தட்டவில்லை. உடை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். கோவளத்தில் பஸ் மாறி நெம்மேலியில் இறங்கினாள்.

“யாரும்மா நீ?” என்றார் கண்ணாடியை ஏற்றிவிட்டபடி சாரதாம்பாள்.

“ஐடிலருந்து வர்றேன்க்கா. உங்க பிரிண்டரு...”

“ஐய, நீ மனுஷியா? இன்னாவோ மிஷினே பதில் போடுதுன்னு நெனச்சிகினு இருந்தேன்!”

அன்பரசி சிரித்துவிட்டாள். அங்கே உட்கார்ந்து அதே மூன்று வரியைத் தட்டினாள். பிரிண்டர் முனகிக்கொண்டே தாளைத் தள்ளியது.

“அவ்ளோதானா? இதுக்கா இம்மாந்தூரம் வந்தே?”

சாரதாம்பாள் டிபன் பாக்ஸைத் திறந்து மூடியில் புளிச்சோறு வைத்தார்.

“வூட்ல யார் கீறாங்க?”

“யாரும் இல்லக்கா.”

சாரதாம்பாள் மூடியைத் தன் பக்கம் இழுத்தார். இன்னொரு கரண்டி வைத்தார்.

மறுநாள் மேலாளர் ஜெகதீசன் போன் செய்தார். “வூட்லருந்தே முடிக்கிற வேலைக்கு எதுக்கும்மா அலையிற? இனிமே கேக்காம போவாத.”

“சரி சார்” என்றாள்.

அடுத்தமுறை பிரிண்டர் அடைத்தபோது அறையிலிருந்தே சரிசெய்தாள். எதிர்முனைத் திரையில் ஒரு வரிச் செய்தியைக் காட்டவும் ஒரு கட்டளை உண்டு. இதுவரை ‘கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்’ என்பதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்தியிருக்கிறாள். சற்று யோசித்துவிட்டு, ‘அக்கா, சாப்டீங்களா? அன்பரசி’ என்று தட்டினாள்.

அதில் பதில் வர வழியில்லை. தெரிந்தும் காத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நெம்மேலியிலிருந்து புதுப் புகார் வந்தது. பழுது: பிரிண்டர். விவரம்: ‘சாப்ட்டேன். நீ?’

‘இனிமேதான்க்கா’ என்று எழுதினாள். சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்தாள்.