சந்தனம் வைத்த கம்ப்யூட்டர்

ஓசூரில் நான் கம்ப்யூட்டரைக் குளிப்பாட்டி மொட்டை மாடியில் காயப்போடுவேன். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் சிரிக்கலாம். பழைய கம்ப்யூட்டரின் உள்பலகையில் வருஷக் கணக்காக அப்பிய தூசியும் பிசுக்கும் பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் இல்லாமல் போகாது. கழுவுவதில் தப்பில்லை. ஆனால் கரண்ட் கொடுக்கும்போது ஒரு பொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது. கோவில்பட்டிக்குத் தெற்கே எங்கள் கரிசல் ஊரில் என்றால் ஒரு பகல் போதும், பலகையோடு நாமும் காய்ந்துவிடுவோம். இங்கே வெயில் அடிக்கும், சுடாது. சட்டைக்குள் குளிரோடு நின்று வெயிலைப் பார்க்கும் ஊர் இது. அதனால் வீட்டுக்கார அம்மா கேழ்வரகு காயப்போட்ட பாய்க்குப் பக்கத்தில் என் பலகையும் நாள் கணக்கில் கிடக்கும்.

வீட்டுக்கார அம்மா வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார், பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். முதல் தடவை பலகையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இன்னாண்ணா, இதுல தங்கம் கீதாமே? ஜூஜுவாடியில ஆசிட் ஊத்தி எடுக்குறாங்களாம். நீங்க சோப்பு போட்டே எடுத்துருவீங்களா?"

"தங்கம் எல்லாம் எடுக்கலீங்கம்மா. ஓட்டிப் பாக்கத்தான்."

"ஓட்டி?"

"டிவியில எழுத்து வரும்."

"எழுத்து வந்து?"

எனக்குப் பதில் வரவில்லை. எனக்குப் பெரும்பாலும் வராது. நான் மறைக்கிறேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அதன் பிறகு என் மனைவி செல்வியின் கழுத்தில் புதிதாக ஏதாவது ஏறியிருக்கிறதா என்று மாடிக்கு வரும்போதெல்லாம் பார்ப்பார்.

அந்த வருஷங்களில் எல்லோர் வீட்டுக்கும் புதுக் கம்ப்யூட்டர் வரத் தொடங்கியிருந்தது. பெங்களூர் கழித்துப் போட்ட பழசெல்லாம் லாரியில் எல்லை தாண்டி ஜூஜுவாடி காயலான் கடைகளில் வந்து கொட்டும். சுத்தியலால் பெட்டியை உடைப்பார்கள், செம்புக் கம்பியை உருவுவார்கள், மிச்சத்தைக் கொளுத்துவார்கள். நான் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டினேன். தகட்டை வை, பொத்தானை அழுத்து, எடு. அதைத் தவிர மெஷினில் எந்த மூடியையும் நான் தொடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைகளுக்குப் போய், சுத்தியல் விழுவதற்கு முன்னால் ஏதாவது ஒன்றைப் பொறுக்கி வருவேன். அப்படிக் கிடைத்ததுதான் இது. பார்க்க வெறும் விசைப்பலகை மாதிரி இருக்கும், கம்ப்யூட்டரே அதற்குள் அடக்கம். பெங்களூரில் ஏதோ பள்ளிக்கூடம் தூக்கிப் போட்டது. டிவியில் மாட்ட வேண்டும். நாம் எழுதும் புரோகிராமைப் பாட்டுக் கேட்கும் டேப் ரிக்கார்டரில் பதிந்து வைத்து, அதிலிருந்தே திரும்ப ஏற்ற வேண்டும். ஏற்றும்போது கேசட் கிறீச்சென்று கத்தும்.

"என்னலே இது, பன்னிய அறுக்குத மாதிரி?" என்று கேட்டது என் அப்பா. அவர் பெயர் சுப்பையா.

அம்மா போன பிறகு அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. ஊரிலேயே இருக்கும் என் தங்கையின் மாமியார் வீட்டில் அவரை வைத்துக்கொள்ள வழியில்லை. அதனால் ஓசூருக்குக் கூட்டி வந்தேன். கை போனதே தவிர நாக்குப் போகவில்லை. குளிருக்கு என் மப்ளரைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, தெருவில் நடக்கும் சண்டைகளைக் கேட்டுக்கொண்டிருப்பார். "ஒருத்தனாவது ஒரே பாஷையில வையுதானாலே இங்க? தமிழ்ல ஆரம்பிக்கான், தெலுங்குல முடிக்கான்" என்பார். நான் கம்ப்யூட்டரைப் பிரித்து வைத்தால் செல்வியைக் கூப்பிடுவார். "தாயீ, உம் புருசனைப் பாரு. பெங்களூர்க்காரன் வழிச்சு எறிஞ்ச எலையை எடுத்து வச்சு நக்கிக்கிட்டு இருக்கான்." செல்வி ரோஜாப்பூ பேக்கிங் செய்யும் பண்ணைக்குப் போகிறவள், விரலெல்லாம் முள் கீறல். அவள் விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொள்வாள்.

எங்கள் தெருவில் முதலில் ரேடியோ வாங்கியது அப்பாதான். வால்வு போட்ட பெரிய பெட்டி. பருத்திக் கமிஷன் கடையில் எடை போடுகிறவருக்கு அது பெரிய கௌரவம். சாயங்காலம் ஆனால் தெரு ஜனம் வாசலில் கூடும், அப்பா நாற்காலியில் உட்கார்ந்து திருகுவார். அந்த ரேடியோவில் பாட்டுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கொரகொரப்பு இருந்தது. மற்றவர்களுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கு அது மட்டும்தான் கேட்டது. தூசிதான் காரணம், துடைத்தால் போய்விடும் என்று நினைத்தேன். அப்பா கடைக்குப் போன நேரம் பின்மூடியைக் கழற்றி, வால்வுகளைப் பிடுங்கி, வேட்டித் துணியால் துடைத்தேன். ஒன்றின் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது.

அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். எல்லாவற்றையும் ஒரு சுளகில் அள்ளிப் போட்டு, நடுத்தெருவில் வைத்து, முன்னால் என்னை உட்கார வைத்தார். "பழையபடி மாட்டு. மாட்டுத வரைக்கும் சோறு கிடையாது" என்றார். வழக்கம் போல ஜனம் கூடியது. அன்றைக்குப் பாட்டு இல்லை, அதனால் என்னைப் பார்த்தார்கள். "எஞ்சினியரே, நியூஸ் எப்ப வரும்?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அம்மா தட்டில் சோறு கொண்டு வந்தாள். அப்பா அதை மரியாதையாகக் கையில் வாங்கி, நாய்க்கு வைத்தார். மறுநாள் பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் நான் அங்கிருந்து எழுந்தேன். ரேடியோவை அவர் ரிப்பேருக்குக் கொடுக்கவில்லை. திறந்த வயிற்றோடு அலமாரியில் வைத்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். "எம் மவன் கைவேலை." எனக்குப் பெண் பார்க்கும் காலம் வரை காட்டினார். நாலு பேர் முன்னால் வாய் திறக்க முடியாதவனாக நான் ஆனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வேலைக்கு வடக்கே கிளம்பியபோது அந்தப் பெட்டியிலிருந்து ஸ்பீக்கரை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஏற்கெனவே செத்த பெட்டி, யாரும் கவனிக்கவில்லை. ஓசூரில் என் பழைய கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அதுதான் வாய்.

அப்பா ஓசூர் வந்த பிறகு எனக்கு ஓர் ஆசை பிடித்தது. நான் பிரித்துப் போட்ட ஒரு சாமான் திரும்ப உயிரோடு ஓடுவதை அவர் ஒரு தடவை பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம், மன்னிப்பு கின்னிப்பு எதுவும் வேண்டாம். அந்தக் கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும், அப்பாவுக்கோ தமிழ் மட்டும்தான். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து, புள்ளிகளை எண்களாக மாற்றி, பஸ் ஸ்டாண்டு பழைய புத்தகக் கடையில் வாங்கிய மெல்லிய இங்கிலீஷ் கம்ப்யூட்டர் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, அடித்தேன். சு, ப், பை, யா. 'பை'தான் உயிரை வாங்கியது. ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. அப்பா தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் டிவியில் அவர் பெயர் வலமிருந்து இடமாக ஊர்ந்து போனது. செல்வி கதவில் சாய்ந்து பார்த்தாள். "எழுப்பட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். ஆயுத பூஜை அன்று காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

ஆயுத பூஜையை ஓசூரில் பார்க்க வேண்டும். நம் ஊரில் அது அரிவாளுக்கும் புத்தகத்துக்குமான பண்டிகை. இங்கே ஊரே ஒரு பட்டறை. வருஷமெல்லாம் விரலைக் கேட்கும் பிரஸ் மெஷினுக்கு அன்று மாலை, சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. என்னோடு வேலை பார்த்த ஒருவனுடைய இரண்டு விரலை வாங்கிய மெஷினுக்கு அவனே பொட்டு வைத்தான். யாரும் அதை விசித்திரமாகப் பார்க்கவில்லை. பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் அரிவாள்மனை, மிக்சி, என் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தது. அப்பா கட்டிலை விட்டு இறங்கி, துவைத்த வேட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து ஏதும் வையவில்லை. அதுவே எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது. "அப்பா, ஒண்ணு காட்டுதேன்" என்று டிவியைப் போட்டு, கம்ப்யூட்டரின் சுவிட்சைத் தட்டினேன்.

படபடவென்று ஒரு சத்தம். சந்தனம் தீயும் வாசனை. திரை கறுத்தது.

பூஜைக்காக மறுபடி கழுவி, நாள் கணக்கில் காயவைத்து, முதல் நாள்தான் மாடியிலிருந்து இறக்கியிருந்ததால் மேல் மூடியைத் திருகாமல் சும்மா வைத்திருந்தேன். தூக்கிப் பார்த்தேன். பலகையில் இருந்த ஒவ்வொரு கறுப்புச் சில்லுக்கும் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். வரிசை பிசகவில்லை. இடது கையால், ஈரச் சந்தனம் சில்லுகளின் கம்பிக் கால்களுக்கு இடையில் எல்லாம் வழிய வழிய வைத்திருந்தார். அத்தனை நெற்றிகள்.

"எல்லாத்துக்கும் வச்சேம்லே. ஒண்ணுகூட விடல" என்றார் அப்பா. பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஓடலையா?"

"ஈரம் பட்டா செத்துரும்ப்பா."

"நீதான தண்ணி ஊத்திக் குளிப்பாட்டுவே?"

செல்வி, "தெரியாம வச்சிட்டாங்க, விடுங்க" என்றாள். அவர் தெரியாமல் வைத்தாரா, தெரிந்தே வைத்தாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தெரியாமல் என்றால் அவர் வாழ்நாளில் என் கைவேலையைக் கும்பிட்டது அந்த ஒரு தடவை. தெரிந்தே என்றால் இவ்வளவு வரிசையாக வைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அப்பா எதையும் வரிசையாகச் செய்கிறவர்.

அவர் கையை நீட்டினார். "கொண்டா. நான் பழையபடி ஆக்குதேன்." பலகையை மடியில் வைத்துக்கொண்டு மப்ளர் முனையால் ஒவ்வொரு பொட்டாகத் துடைக்கத் தொடங்கினார். துடைக்கத் துடைக்கச் சந்தனம் இன்னும் உள்ளே போனது. செல்வி இலை போட்டாள். அவர் நிமிரவில்லை. "ஆக்குன பொறவுதான் சோறு. எங்க வீட்டுச் சட்டம், தாயீ" என்றார். செல்வி என்னைப் பார்த்தாள். 'சாப்பிடுங்க' என்று நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதற்காகத்தான் பார்த்தாள். அவரும் அதற்காகத்தான் துடைத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

நான் கையைக் கழுவிவிட்டு, அவர் எதிரில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்துப் பொரியைத் தின்றேன்.

அப்பா துடைப்பதை நிறுத்தினார். ஒரு பக்கம் இழுத்த வாயால் சிரித்தார். "இப்பத்தாம்லே நீ எனக்குப் பெறந்தவன் மாதிரி இருக்கே" என்றார். அவர் என்னைப் புகழ்ந்தது அது ஒன்றுதான்.

அதன் பிறகு ஊருக்குப் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். "சாகுததையாவது ஒரே பாஷையில சாகுதேன்." கொண்டுபோய் விட்டேன். அவர் சொன்னபடியே எங்கள் பழைய வீட்டில், தங்கை பார்த்துக்கொள்ள, போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த அன்று அலமாரியில் ரேடியோ அப்படியே திறந்து கிடந்தது. ஸ்பீக்கர் இருந்த வட்ட ஓட்டையில் கையை விட்டேன், ஒட்டடை. "எடுத்துட்டுப் போயேன், அண்ணே" என்றாள் தங்கை. கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருந்தேன். பிறகு அலமாரியிலேயே வைத்துவிட்டு, ஓசூர் பஸ் ஏறினேன்.

என்னைப் போல ஊரை விட்டு வந்தவர்கள் எதையாவது பாதியாகத்தான் கொண்டு வந்திருப்பீர்கள். பெட்டி அங்கே இருக்கிறது. ஸ்பீக்கர் ஓசூரில் என் மேசை மேல், பெட்டி இல்லாமல், வெறும் கூம்பாகக் கிடக்கிறது. இப்போது வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறேன், நன்றாகவே பாடுகிறது. பாட்டுக்குப் பின்னால் இப்போதும் அந்தக் கொரகொரப்பு இருக்கிறது. அன்றைக்கே அது வால்வில் இல்லை போலிருக்கிறது.